நெட் போகிறது, கணினி நகர மறுக்கிறது: பழுது எங்கே என்று நாமே கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இது: "வீட்டில் ஒரு மடிக்கணினி, ஒரு பழைய மேசைக் கணினி. வைஃபை அடிக்கடி துண்டிக்கிறது. பழைய கணினி திறந்து வேலைக்கு வரப் பத்து நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் தெரிந்தவர் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது. நானே எதைப் பார்க்கலாம், எதைத் தொடக் கூடாது?"

முக்கால்வாசியை நீங்களே பார்த்துவிடலாம். கணினிப் படிப்பு எதுவும் தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும் ஒரு தாளும் பேனாவும் போதும். பழுதைச் சரிசெய்வது பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகிறது. நெட் வரவில்லை என்றதும் பலர் ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள், கேபிளைப் பிடுங்கி மாட்டுகிறார்கள், கணினியில் இரண்டு மூன்று அமைப்புகளையும் மாற்றிவிடுகிறார்கள், எல்லாம் ஒரே மூச்சில். சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த வாரம் அதே பழுது திரும்பி வரும். சரியாகாவிட்டால் பழைய பழுதோடு நாமே புகுத்திய புதுப் பழுதும் சேர்ந்திருக்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லையென்றால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாற்றியதைத் தாளில் குறித்து வையுங்கள்.

முதலில் இணையத்தைப் பார்ப்போம். உங்கள் கணினியிலிருந்து ஓர் இணையதளம் வரைக்கும் ஒரு சங்கிலி போகிறது. கணினி, வைஃபை, ரவுட்டர், வெளியே போகும் கம்பி, சேவை நிறுவனம், அதற்கப்பால் அந்தத் தளம். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்கவில்லை. எந்தக் கண்ணி என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எளிய சோதனை, இன்னொரு கருவியில் பார்ப்பது. மடிக்கணினியில் வரவில்லை என்றால் அதே வைஃபையில் போனை வைத்துப் பாருங்கள். ஆனால் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வைஃபை சரியில்லை என்று தெரிந்ததும் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். நாம் "போனில் வருகிறதே, கணினிதான் கோளாறு" என்று தவறான பக்கம் போய்விடுவோம். டேட்டாவை அணைத்த பிறகும் போனில் வந்தால் பழுது கணினியில். இரண்டிலும் வரவில்லை என்றால் ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ.

வெளியே என்றால் ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பாக இருந்தால் 'எல்ஓஎஸ்' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளிச் சமிக்ஞை உங்கள் வீடு வரை வரவில்லை. கணினியில் எதை மாற்றியும் பயனில்லை. அந்த மெல்லிய ஃபைபர் கம்பி எங்காவது மடங்கியிருக்கிறதா, மேசைக்காலுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஃபைபர் கூர்மையாக மடிந்தால் உள்ளே போகும் ஒளி கசிந்துவிடும். அதன் முனையைக் கழற்றிக் கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். மடிப்பு எதுவும் இல்லையென்றால் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான்.

விளக்குகள் எல்லாம் சரியாக இருந்தும் நெட் வந்து வந்து போகிறது என்றால், அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நாம் பார்க்கப் போகும்போது வேலை செய்யும், விட்டுவிட்டுத் திரும்பினால் போய்விடும். இதற்கு நான் எப்போதும் நம்பும் வழி பிங். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு ஒரு முகவரி எண்ணைக் கொடுத்தால், கணினி அந்த முகவரிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் திரும்பி வர எத்தனை மில்லி நொடி ஆனது என்று காட்டும். மைக் மூஸ் என்பவர் 1983-இல் எழுதிய நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பதைப் போல வேலை செய்வதால் அந்தச் சத்தத்தையே பெயராக வைத்தார்.

இப்படிச் செய்யுங்கள். இரண்டு கறுப்பு ஜன்னல்களைத் திறங்கள். ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு பிங் கொடுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். நெட்வொர்க் விவரங்களில் டிஃபால்ட் கேட்வே என்ற பெயரில் போட்டிருக்கும். இன்னொன்றில் 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடுங்கள். அது கூகுள் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்திருக்கும் சர்வர். இரண்டிலும் முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு கழித்தல் குறியும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்துவிட்டால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியே ஓட விட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

நெட் போனதும் இரண்டு ஜன்னல்களையும் பாருங்கள். ரவுட்டருக்கான பதிலே நின்றிருந்தால் பழுது உங்கள் வீட்டுக்குள், பெரும்பாலும் வைஃபையில். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தந்துகொண்டிருக்க, 8.8.8.8 மட்டும் நின்றிருந்தால் பழுது ரவுட்டருக்கு அப்பால். இரண்டுமே நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தும் பிரவுசரில் பக்கம் திறக்கவில்லை என்றால் பழுது டிஎன்எஸ்ஸில் இருக்கலாம். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் விலாசப் புத்தகம்தான் டிஎன்எஸ். சாலை திறந்திருக்கிறது, விலாசம் சொல்ல ஆள் இல்லை என்ற நிலை அது. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 என்றோ, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்றோ போட்டுப் பாருங்கள். இரண்டும் இலவசம். வீட்டுக்கு ஆள் வரவழைக்கும் பழுதுகளில் பல, இந்த இரண்டு ஜன்னல்களில் பத்து நிமிடத்தில் பிடிபடக்கூடியவை.

நெட்வொர்க் விவரங்களைத் திறக்கும்போது உங்கள் கணினியின் சொந்த முகவரியையும் பாருங்கள். அது 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டர் கணினிக்கு முகவரி தரவில்லை, கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த வைஃபையை 'மறந்துவிடு' என்று சொல்லி, கடவுச்சொல் போட்டு மறுபடி இணையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

அணைத்துப் போடுவதற்கும் முறை இருக்கிறது. மின்சாரத்திலிருந்து கழற்றி அரை நிமிடம் விட்டுவிட்டு மாட்டுங்கள். விளக்குகள் நிலைபெற இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். ஆனால் ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும், ரீசெட் என்று எழுதியிருக்கும். அதைக் குத்தாதீர்கள். அது ரீஸ்டார்ட் அல்ல. உங்கள் வைஃபை பெயர், கடவுச்சொல், சில இணைப்புகளில் நிறுவனம் போட்டுவைத்த பயனர் பெயர் உட்பட எல்லாம் அழிந்து, வாங்கிய நாள் நிலைக்குப் போய்விடும். சின்னத் தடங்கலாக இருந்தது முழுக்க நெட் இல்லாத நிலையாக மாறுவது பல வீடுகளில் இந்தத் துளையால்தான்.

வைஃபைதான் காரணம் என்று தெரிந்துவிட்டால் ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், தரையோரம் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். வீட்டின் நடுவாக, மார்பு உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் இருந்தால் அதுவே பாதி மருந்து. இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். முதலாவது சுவரைத் தாண்டி தூரம் போகும், வேகம் குறைவு, நெரிசல் அதிகம். இரண்டாவது வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தூரத்து அறையில் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 2.4-இல் ஒன்றன்மேல் ஒன்று பேசிக்கொண்டிருக்கும். அந்த அலைவரிசைக்குள் சேனல் என்ற எண்ணிட்ட பாதைகள் உண்டு. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. இந்த மூன்றில் காலியாக இருப்பதை ரவுட்டர் அமைப்பில் தேர்ந்தெடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. அடுப்பு ஓடும்போது மட்டும் நெட் திணறினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: வயரில்லா மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது, பேட்டரி மாற்றியும் பலனில்லை என்று சொல்பவர்கள் உண்டு. மவுஸின் ரிசீவரை யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில் மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றினால் போதும்.

வேகம் குறைவு என்ற புகாருக்கு முன்னால் ஒரு கணக்கு. நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கோப்பு இறங்கும்போது கணினி பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் அது முழு வேகம்தான், யாரும் ஏமாற்றவில்லை. வீடியோ அழைப்பு மட்டும் உடைகிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் பதிவேற்றத்தைப் பாருங்கள். பல இணைப்புகளில் மேலே போகும் வழி குறுகலானது. வீட்டில் ஒருவருடைய போன் நூற்றுக்கணக்கான படங்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் அந்த வழி அடைத்துக்கொள்ளும், உங்கள் குரல் பின்னால் வரிசையில் நிற்கும்.

கேபிளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் இரண்டு மாலைகளை அதில் இழந்திருக்கிறேன். இணைப்பை 300 மெகாபிட்டுக்கு உயர்த்தியிருந்தேன். வைஃபையில் வேகம் வந்தது, கேபிள் போட்ட கணினியில் மட்டும் எந்த நேரத்தில் சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. நெட்வொர்க் பகுதியை இயக்கும் டிரைவர் என்ற நிரலை மாற்றினேன், விண்டோஸையே புதிதாகப் போட்டேன். கடைசியில் கேபிளை மாற்றியதும் முழு வேகம் வந்துவிட்டது. நெட்வொர்க் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் பெரும்பாலும் கருவிகள் தங்களுக்குள் பேசி, இரண்டு ஜோடியே போதுமான 100 மெகாபிட்டுக்கு இறங்கிக்கொள்ளும். அதில் சோதனை செய்தால் 94, 95 என்றுதான் காட்டும். இந்த எண்ணைப் பார்த்தால் வேறு எதையும் தொடாதீர்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற எச்சரிக்கை வந்தால், கணினியின் தேதியைப் பாருங்கள். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலக்கெடு உண்டு. கணினி சில ஆண்டுகள் பின்தங்கிய தேதியில் இருந்தால் எந்தச் சான்றிதழையும் ஏற்காது. தேதியைச் சரிசெய்த பிறகும், அணைத்து எழுப்பும்போதெல்லாம் பழையபடி மாறினால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. மாற்றுவது எளிது.

சரி, இனி மெதுவான கணினி.

முதல் கேள்வி: கடைசியாக எப்போது ரீஸ்டார்ட் செய்தீர்கள்? "தினமும் இரவு ஷட் டவுன் செய்கிறேனே" என்பீர்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுக்கும்போது இயங்குதளத்தின் மையப்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஆகவே பல வாரங்களாகச் சேர்ந்த கோளாறும் கூடவே எழுந்துவரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். பிரிண்டர் பதில் சொல்லவில்லை, ஒலி வரவில்லை போன்ற சின்னத் தொல்லைகளுக்கும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்.

அப்புறமும் மெதுவாக இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சிபியு (ப்ராசஸர் என்ற கணக்கிடும் மூளை), மெமரி (திறந்த நிரல்கள் தற்காலிகமாகத் தங்கும் ரேம்), டிஸ்க் (கோப்புகள் சேமிக்கும் இடம்) என்று மூன்று எண்களைப் பாருங்கள். எது நூறு சதவீதத்தை ஒட்டி நிற்கிறதோ அதுதான் தடை. நீங்கள் சொல்லும் பத்து நிமிடத் தாமதத்துக்கு, டிஸ்க் நூறில் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். பழைய கணினியில் இருப்பது சுழலும் தட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்காக இருக்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழன்றாலும் ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தகவலைப் படிக்கும் முள் நகர்ந்து, தட்டு சுழன்று வரக் காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டி என்ற சிப் வகைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லை. பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால், தயங்காமல் எஸ்எஸ்டி போடுங்கள் என்பேன். அதே கணினி ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும்.

மெமரிதான் நிரம்பியிருக்கிறது என்றால் பிரவுசரில் எத்தனை பக்கங்கள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள், முடிந்தால் ரேம் கூட்டுங்கள். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்டப் பகுதியில், கணினியோடு சேர்ந்து தானாக எழும் நிரல்களின் பட்டியல் இருக்கும். தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள், அவை அழிந்துவிடாது, தானாகத் திறக்காது, அவ்வளவுதான். இரண்டு ஆன்டிவைரஸ் வைத்திருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒன்றின் வேலையில் இன்னொன்று குறுக்கிடும்.

திறந்ததும் வேகமாக இருந்து, அரை மணி நேரத்தில் தளர்ந்து, விசிறி இரைய ஆரம்பித்தால் அது சூடு. பல ப்ராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மடிக்கணினியைப் படுக்கை, தலையணை மேல் வைக்காதீர்கள், அடியில் காற்று போகும் துளைகள் மூடிக்கொள்ளும். தூசியை ஊதும்போது கணினியை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

கணினி எழவே இல்லையா? மின்கம்பியைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து எழுந்துவிடுவது உண்டு. விசிறி ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் மேசைக் கணினியில் ரேமைக் கழற்றி அழுத்தமாகத் திரும்ப மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். கணினி இன்னும் திறக்கிறது என்றால், உங்களுக்கு இல்லாமல் முடியாத கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள். திறக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப முயலாமல் அணைத்து வையுங்கள். பழுதான முள் ஒவ்வொரு முறையும் தட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். விண்டோஸைத் திரும்பப் போடலாம், கணினியைத் திரும்ப வாங்கலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதி, இரண்டு வேறு வகைக் கருவிகளில், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது நெடுநாள் வழக்கம். இன்றைக்கே ஒரு பிரதியாவது எடுங்கள்.

'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுக்க அலறும் அறிவிப்பு வந்தால், அது வைரஸ் அல்ல, உங்களைப் பிடிக்க விரித்த வலை. மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள், மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்க வேண்டாம். ஏற்கெனவே அழைத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க விட்டிருந்தால் உடனே நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. விவரமானவர்களும் பதற்றத்தில் சிக்கியிருக்கிறார்கள்.

உங்கள் பழைய கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கணினி தொடர்ந்து ஓடும், ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்கள் வழக்கம்போல் வராது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. அப்படியானால் அந்தக் கணினியில் வங்கி வேலை செய்யாதீர்கள், அல்லது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள்.

தொடக் கூடாதவை என்று கேட்டிருந்தீர்கள். மேசைக் கணினியின் பவர் சப்ளை பெட்டியைத் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கலாம். மடிக்கணினி பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். அந்தக் கணினியை அணைத்து, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

கடைசியில் நெட்டுக்காகச் சேவை நிறுவனத்தைக் கூப்பிட வேண்டி வந்தால் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். "நெட் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்ற பதில்தான் வரும். "கேபிளில் நேரடியாக மாட்டியும் பார்த்தேன், இரண்டு கருவிகளிலும் இதே நிலை, ரவுட்டருக்கு பிங் ஒழுங்காகப் போகிறது, வெளியே 8.8.8.8-க்கு மட்டும் இந்தந்த மணிக்கு நிற்கிறது, எல்ஓஎஸ் விளக்கு எரியவில்லை" என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும், பார்க்க வேண்டியது தங்கள் பக்கத்தில் என்று.